ஆறு வோல்ட்டைத் திட்டாதீர்கள்

கேள்வி: தாத்தா வைத்திருந்த 1950 செவர்லே ஸ்டைல்லைன் எங்களிடம் இருக்கிறது, 6 வோல்ட் வண்டி. போன வருடம் பாடி முழுக்கச் சுரண்டி பெயின்ட் அடித்து, ஒயரிங்கும் புதிதாகப் போட்டோம். அதற்கப்புறம் ராத்திரியில் ஹெட்லைட் மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி எரிகிறது. சிக்னலில் நின்றால் ஆம்ப் மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாய்கிறது. மெக்கானிக் 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். இப்போதைக்காவது வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே குற்றவாளி இருக்கிறான், "பெயின்ட் அடித்து" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே.

இந்தக் கார்களில் கரண்ட் திரும்பிப் போகும் வழி பாடியும் சேஸிஸும்தான். பளபளவென்று பெயின்ட் அடித்த இடத்தில் எர்த் ஒயரை வைத்து போல்ட் முறுக்கினால் நடுவில் பெயின்ட் சுவர் மாதிரி நிற்கும். 12 வோல்ட் வண்டி இதைச் சகித்துக்கொள்ளும், 6 வோல்ட் சகிக்காது. கணக்கு எளிது. அந்தக் காலத்து 45 வாட் சீல்டு பீம் (கண்ணாடியும் இழையும் ஒன்றாக மூடிய ஹெட்லைட்) ஒன்று 6 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர் இழுக்கும், இரண்டும் சேர்ந்து 15. அதே வாட் 12 வோல்ட்டில் பாதி ஆம்பியர்தான். வழியில் 1 வோல்ட் தொலைந்தால் 12இல் அது பன்னிரண்டில் ஒரு பங்கு, உங்களுக்கோ ஆறில் ஒரு பங்கு. வெளிச்சம் அதே விகிதத்தில் குறைந்தால்கூடப் பரவாயில்லை. இழை பல்பில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே வெளிச்சம் மடமடவென்று விழும். அந்த 1 வோல்ட் போனால் கிட்டத்தட்ட பாதி வெளிச்சம் காலி.

அதனால் முதலில் ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, பேட்டரி பிளஸ்ஸில் ஒரு முனை, பல்புக்குப் போகும் ஒயரின் முனையில் இன்னொன்று. அடுத்து பேட்டரி மைனஸுக்கும் பல்பின் எர்த்துக்கும் நடுவே. இரண்டில் எதில் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதோ, உங்கள் வெளிச்சம் அங்கேதான் தொலைகிறது. பிளஸ் பக்கம் என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது தரையில் இருக்கும் டிம்-பிரைட் கால் சுவிட்ச் மேல்தான். மழைத் தண்ணீரும் செருப்பு மண்ணும் எழுபது வருடமாக அதன் தலையில். எர்த் பக்கம் என்றால் உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்து, ஹெட்லைட் கிண்ணத்திலிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஒரு ஒயர் போடுங்கள். கட்-அவுட் பெட்டியின் (டைனமோவின் ரெகுலேட்டர் இருக்கும் பெட்டி) அடிப்பாகத்துக்கும் எர்த் வேண்டும். இதை நான் அனுபவித்திருக்கிறேன்: ஒரு பட்டறையில் அழகாகக் கறுப்பு பெயின்ட் அடித்து கட்-அவுட்டை மாட்டிக்கொடுத்தார்கள், விராலிமலை தாண்டுவதற்குள் வண்டி இருட்டாகிவிட்டது.

அப்புறம் பேட்டரி கேபிள். இப்போது கடையில் கிடைக்கும் ரெடிமேட் கேபிள் 12 வோல்ட் காருக்கானது, உங்களுக்கு மெலிசு. 50 அல்லது 70 ஸ்கொயர் எம்எம் செம்பு வெல்டிங் கேபிள் வாங்கி இரண்டு முனையிலும் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) அடித்துக்கொள்ளுங்கள். என்ஜினிலிருந்து சேஸிஸுக்கும் அதே தடிமனில் ஒன்று. செல்ஃப் சுற்றும் வேகத்திலேயே வித்தியாசம் தெரியும்.

இதெல்லாம் செய்தும் போதவில்லையென்றால் ஹெட்லைட்டுக்கு ரிலே வையுங்கள். ஆனால் ரிலேயின் காயில் 6 வோல்ட்டாக இருக்க வேண்டும், 12 வோல்ட் ரிலே இழுக்காது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேக்குத் தடித்த ஒயர், பழைய சுவிட்சுக்கு ரிலேயை இழுக்கும் வேலை மட்டும்.

சிக்னலில் முள் சாய்வது நோய் அல்ல. டைனமோ ஐடிலிங்கில் சார்ஜ் செய்யாது, அப்போது வண்டி பேட்டரியைத் தின்றுதான் நிற்கும். பழைய ஸ்கூட்டரில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால்தான் லைட் பிரகாசமாகும், ஞாபகம் இருக்கிறதா? கிட்டத்தட்ட அதே கதை. என்ஜினைக் கொஞ்சம் தூக்கினால் முள் நடுவைத் தாண்டி மேலே போக வேண்டும், பேட்டரியில் 7.2 வோல்ட் அளவு வர வேண்டும். 7க்கும் கீழே நின்றால் பெல்ட் டைட், டைனமோ கார்பன், கார்பன் உரசும் கம்யூட்டேட்டரில் கறுப்பு, இந்த வரிசையில் பாருங்கள். 7.5ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் பேட்டரித் தண்ணீர் கொதித்துக் காலியாகும். டைனமோவைக் கழற்றி மாட்டினால், என்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ரெகுலேட்டரில் பேட் (BAT) முனையையும் ஜென் (GEN) முனையையும் ஒரு ஒயரால் கண நேரம் தொட்டு எடுங்கள், துருவம் சரியாகும். இது செவர்லேயின் டெல்கோ டைனமோவுக்கு மட்டும். ஃபோர்டு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்படியே செய்ய வேண்டாம், அதன் முறை வேறு.

நகரத்துக்குள்ளேயே ஓட்டுவதாக இருந்தால் 6 வோல்ட் ஆல்டர்னேட்டர் நல்ல யோசனை, ஐடிலிங்கிலும் சார்ஜ் ஆகும். உங்கள் வண்டி நெகட்டிவ் எர்த், அதாவது பேட்டரி மைனஸ்தான் பாடியில் இருக்கிறது, தொல்லை குறைவு. 12க்கு மாற்றினால் பல்பு, ஹார்ன், காயில், ஹீட்டர் மோட்டார், பெட்ரோல் மீட்டர், ரேடியோ என்று ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டும். செவர்லேயே 1955இல்தான் 12க்குப் போனது, அதுவரை அந்தக் கார்களெல்லாம் இந்த 6 வோல்ட்டில்தானே ராத்திரியில் ஓடின?

கேள்வி: 8 வோல்ட் பேட்டரி போட்டால் செல்ஃப் வேகமாகச் சுற்றுமாமே?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: சுற்றும். ரெகுலேட்டரைத் தொடாமல் விட்டால் அந்தப் பேட்டரி ஒருநாளும் முழுசாகச் சார்ஜ் ஆகாது, ரெகுலேட்டரின் வோல்டேஜை ஏற்றி வைத்தால் பல்பெல்லாம் சீக்கிரம் போகும். கேபிளை மாற்றுங்கள், செலவும் குறைவு.

கேள்வி: எல்இடி போடலாமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: டெயில் லைட், பிரேக் லைட்டுக்குத் தாராளமாக. பின்னால் வரும் லாரிக்காரருக்கு உங்களைத் தெரிய வேண்டும், அதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. பெட்டியில் "9 முதல் 32 வோல்ட்" என்று அச்சிட்டிருந்தால் வாங்காதீர்கள், 6இல் எரியாது. இண்டிகேட்டரிலும் எல்இடி என்றால் ஃபிளாஷரை (விளக்கை மினுக்கும் பாகம்) எலக்ட்ரானிக்காக மாற்ற வேண்டும், பழைய ஃபிளாஷருக்கு இவ்வளவு குறைந்த கரண்டில் சூடேறாது.