எண்டோஸ்கோபி நார்மல், அப்புறம் ரத்தம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். மூன்று வயதுப் பையன் போன மாதம் வெளிக்குப் போனபோது செங்கல் கரைத்த மாதிரி ரத்தம். வலி என்று சொல்லவேயில்லை. ஹீமோகுளோபின் 6.8க்கு இறங்கி, ரத்தம் ஏற்றினார்கள். மேலும் கீழும் குழாய் விட்டுப் பார்த்ததில் நார்மல். இப்போது கோவையில் ‘மெக்கல் ஸ்கேன்’ எடுக்கச் சொல்கிறார்கள். அவனுடைய அம்மாயி, “சூடுதான், எளநி குடுத்தாச் சரியாப் போயிரும்” என்கிறார். ஸ்கேன் அவசியமா?

பதில்: அவசியம்தான். இளநீர் கொடுங்கள், கெடுதலில்லை. ஆனால் சூட்டினால் ஹீமோகுளோபின் இப்படி இறங்காது.

வாய் வழியே விடும் குழாய் சிறுகுடலின் தொடக்கத்தோடு நின்றுவிடும். கீழிருந்து விடுவது பெருங்குடலைத் தாண்டிக் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். நடுவே சுருண்டு கிடக்கும் மீட்டர் கணக்கான குடலை இரண்டுமே பார்ப்பதில்லை.

இந்த வயதில் வலியில்லாமல் இவ்வளவு ரத்தம் போனால் முதல் சந்தேகம் மெக்கல் பை. கருவில் தொப்புளையும் குடலையும் இணைக்கும் சிறு குழாய் ஏழாவது வாரவாக்கில் மறைய வேண்டும். 100 பேரில் சுமார் 2 பேருக்கு அதன் அடிப்பகுதி மட்டும் சிறுகுடலின் கடைசியில் ஒரு பையாக மிஞ்சிவிடுகிறது. பெரும்பாலோர் தெரியாமலே வாழ்ந்துவிடுவார்கள். ரத்தம் போவது அபூர்வம். அப்படிப் போகிற பையில் பெரும்பாலும் இரைப்பையின் சவ்வு இடம் மாறி உட்கார்ந்திருக்கும். அது அமிலம் சுரக்க, அமிலம் பழகாத பக்கத்துக் குடல் புண்ணாகும்.

ஸ்கேன் தேடுவது அந்தச் சவ்வைத்தான். டெக்னீசியம் என்ற லேசான கதிர்வீச்சுள்ள மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றி, கேமராவுக்கு அடியில் ஒரு மணி நேரம் போலப் படுக்கவைப்பார்கள். இரைப்பை ஒளிரும்போதே வலது அடிவயிற்றுப் பக்கம் இன்னொரு புள்ளி ஒளிர்ந்தால் பிடிபட்டது. (குழந்தையை அசையாமல் வைப்பதுதான் பெரும்பாடு, பிடித்த பொம்மையைக் கொண்டுபோங்கள்.) கதிர்வீச்சு குறைவுதான், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். சமீபத்தில் பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுத்திருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், படம் கெடும். ஸ்கேனில் தெரியவில்லை என்பதற்காகப் பை இல்லை என்று விட்டுவிடவும் மாட்டோம். மறுபடி ரத்தம் போனால் இன்னொரு ஸ்கேன், அல்லது லேப்ராஸ்கோப்பி வழியே, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவை விட்டு, நேரிலேயே பார்ப்பது.

இருப்பது உறுதியானால் மாத்திரையில் தீராது. அறுவை சிகிச்சையில் பையையும், தேவைப்பட்டால் புண்ணான குடல் துண்டையும் எடுத்துவிட்டுத் தைப்பார்கள். பெரும்பாலான குழந்தைகள் சில நாட்களில் அரிசியும்பருப்புஞ்சாதம் கேட்க ஆரம்பித்துவிடும்.

அதுவரை, இரும்புச்சத்து டானிக்கினால் மலம் கறுத்தால் பயப்படாதீர்கள். தார் போலப் பிசுபிசுத்து நாற்றமெடுத்தால் அது ரத்தம். டாக்டரைக் கேட்காமல் ஐபுபுரூஃபன் என்ற காய்ச்சல், வலி மருந்தைக் கொடுக்க வேண்டாம். மறுபடி செங்கல் நிறம் தெரிந்தாலோ, உதடு வெளுத்துப் பையன் சோர்ந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் ரத்தம் ஏற்றும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுங்கள்.