டிவைடரில் மோதிய கார்: கியர்பாக்ஸ் கோளாறுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு வயது மூன்றரை. நாய் குறுக்கே ஓடியதால் வலது முன்சக்கரம் சென்டர் மீடியனில் பலமாக இடித்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் பம்பர், ஃபெண்டர், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் மாற்றினார்கள். இன்சூரன்ஸ் பணமும் வந்தது. வண்டியை எடுக்கும்போது திருப்திக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். ஐந்து வாரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதிர்வு, கீழே ஆயில் சொட்டு. “கியர்பாக்ஸ் போய்விட்டது, 85,000 ரூபாய் ஆகும். இது மெக்கானிக்கல் பிரேக்டவுன், இன்சூரன்ஸ் வராது” என்கிறார்கள். நான் என்ன செய்வது? – வாசகர், திண்டுக்கல்.

பதில்: முதலில் காரை ஓட்டுவதை நிறுத்துங்கள். விபத்துக்குப் பிறகு தேவையான ரிப்பேரைச் செய்யாமல் வண்டியை ஓட்டினால், அதனால் கூடும் சேதம் உரிமையாளர் தலையில்தான் என்று பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. இத்தனை நாள் நீங்கள் ஓட்டியது, ரிப்பேர் முடிந்தது என்று அவர்கள் சொன்னதை நம்பி. ஆயில் சொட்டுவது தெரிந்த பிறகும் ஓட்டினால் அந்த வாதம் நிற்காது. வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது, கியர்பாக்ஸைப் பிரிக்க இப்போது சம்மதிக்காதீர்கள். “தயவுசெய்து” என்றே சொல்கிறேன். பிரித்துப் போட்டுவிட்டால் உங்கள் சாட்சியம் கலைந்துவிடும்.

மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்குப் பணம் இல்லை என்பது உண்மைதான், தேய்மானத்துக்கும் இல்லை. ஆனால் அந்த விலக்கு, தானாகத் தேய்ந்து கெட்டுப்போவதற்கு. மோதியதால் கியர்பாக்ஸ் கெட்டிருந்தால் அது விபத்துச் சேதம். அதனால் உங்கள் வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் நிற்கிறது: காரணம் எது?

முன்சக்கரம் பக்கவாட்டில் இடி வாங்கி லோயர் ஆர்ம் வளைந்தால், சக்கரம் உள்ளே தள்ளப்படும். அதோடு, சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டும் கியர்பாக்ஸை நோக்கி நகரும். உள் ஜாயிண்ட் ஓரளவு நகர்வைத் தாங்கும். அதற்கு மேல் போனால் ஆயில் கசியாமல் அடைக்கும் ஆக்சில் சீல், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியல் பேரிங், சில சமயம் கியர்பாக்ஸின் வெளிக்கூடான ஹவுசிங்கே அடிவாங்கும். சீல் லேசாகக் கிழிந்தால் ஆயில் மெதுவாகக் கசியும்; ஆயில் குறைந்த பிறகுதான் சத்தம் வரும். ஐந்து வாரம் கழித்துக் கோளாறு தெரிவதில் ஆச்சரியமில்லை.

ஆகவே காரை லிஃப்டில் ஏற்றி, தேதி தெரிய போட்டோவும் வீடியோவும் எடுங்கள். ஆயில் கசிவு வலது ஆக்சில் நுழையும் இடத்தில் இருக்கிறதா? ஹவுசிங்கில் முடிக்கோடு போல விரிசல்? என்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா? இடது வலது இரு பக்கமும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். வீல் அலைன்மென்ட் பிரிண்ட்டையும் வாங்குங்கள். இடி பட்ட பக்கத்திலேயே எல்லாம் கூடியிருந்தால், தேய்மானம் என்று சொல்வது கஷ்டம்.

அப்புறம் பழைய கிளெய்ம் எண்ணைக் குறிப்பிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சலும் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்புங்கள். அதே விபத்தின் மறைந்திருந்த சேதம் இது, சப்ளிமெண்டரி எஸ்டிமேட் (கூடுதல் செலவு மதிப்பீடு) தருகிறேன், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் முன்னிலையில்தான் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்று எழுதுங்கள். முதல் சர்வே அறிக்கையின் நகலையும் கேளுங்கள். பிரிக்கும் அன்று உங்கள் சார்பில் உரிமம் பெற்ற வேறொரு சர்வேயர் கூட இருந்தால் மிக நல்லது. வடிக்கும் ஆயிலில் உலோகத் துண்டுகள் இருந்தால் அதே இடத்தில் படம் பிடித்து, ஆயிலையும் பழைய பாகங்களையும் சீல் வைத்துப் பத்திரப்படுத்துங்கள்.

கையெழுத்தை நினைத்து மனம் தளர வேண்டாம். பணம் பெற்றதற்கான டிஸ்சார்ஜ் வவுச்சர், கூடுதல் இழப்பீடு கேட்கும் உரிமையைத் தடுக்காது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2015 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. லிஃப்டில் ஏற்றினால் மட்டுமே தெரியும் சேதத்துக்கு நீங்கள் எப்படித் திருப்தி தெரிவித்திருக்க முடியும்? சர்வேயர் அறிக்கையும் கடைசி வார்த்தை அல்ல. பிரதீப் குமார் வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கம்பெனி மறுத்தால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) போகலாம். செலவில்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் அவர் சர்வீஸ் சென்டரை விசாரிக்க மாட்டார். உங்கள் விஷயத்தில் எனக்குச் சர்வீஸ் சென்டர் மீதும் சந்தேகம் இருக்கிறது. லோயர் ஆர்ம் மாற்றும் அளவுக்கு அடிபட்ட வண்டியில் டிரைவ் ஷாஃப்டையும் சீலையும் பார்க்காமல் விட்டது சேவைக் குறைபாடு. அதனால் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்து, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பதே சரி என்பது என் கருத்து. இன்சூரன்ஸுக்கும் சர்வீஸுக்கும் நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் புகார்க் கட்டணம் கிடையாது. புகார் கொடுக்கக் கெடு 2 ஆண்டு.

எவ்வளவு கிடைக்கும்? ஜீரோ டிப்ரிசியேஷன் (தேய்மானத்தைக் கழிக்காத கவர்) எடுக்கவில்லை என்றால், மூன்றிலிருந்து நான்கு வயதுக்குள் இருக்கும் வண்டிக்கு உலோகப் பாகங்களில் 25 சதவீதம், ரப்பர் சீல்களில் 50 சதவீதம் கழிப்பார்கள். லேபருக்கு அந்தக் கழிவு இல்லை. கழித்த தொகையைச் சர்வீஸ் சென்டரிடம் கேட்கலாம். ஜாப் கார்டு, பழைய பில், விபத்து நடந்த அன்று எடுத்த படங்கள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பும் கடிதம் இந்த வாரமே போகட்டும்.