கேளுங்கள், சொல்கிறேன்: "எரிந்து விழுவதற்கு ஒரு சிகரெட்டே தேவலை என்கிறாள் மனைவி!"

(பதில் தருபவர், அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: சிஸ்டர், எனக்கு 38 வயது. லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். தினமும் பத்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவன், பதினோரு நாட்களுக்கு முன் ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். அன்றிலிருந்து தூக்கம் இல்லை, வேலையில் மனம் பதியவில்லை, யாரைப் பார்த்தாலும் கோபம். முந்தாநாள் ரசத்தில் உப்புக் குறைந்ததற்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். "இப்படி எரிந்து விழுவதற்கு ஒரு சிகரெட்டைப் பிடித்துவிட்டே வந்திருக்கலாம்" என்கிறாள் மனைவி. அவள் சொல்வதுதான் சரியோ என்று தோன்றுகிறது.
- நாமக்கல் வாசகர்

பதில்: தம்பி, படித்து முடித்ததும் இதை உங்கள் மனைவியிடம் கொடுங்கள். பாதிப் பதில் அவருக்குத்தான்.

புகையை இழுத்த சில நொடிகளில் நிகோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. ஒரு நாளைக்குப் பத்து முறை அதை வாங்கிப் பழகிய மூளை, திடீரென்று நிறுத்தினால் சும்மா இருக்காது. கோபம், தூக்கமின்மை, அகோரப் பசி, சிலருக்கு மலச்சிக்கல், வாய்ப்புண் என்று வரிசையாக வரும். சிலருக்கு இருமல் அதிகமாகும். அதைக் கண்டு பயந்து, "பிடித்தபோதே நன்றாக இருந்தேன்" என்று திரும்பப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புகையால் முடங்கிக் கிடந்த மூச்சுக்குழல் மறுபடி வேலை செய்து சளியை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். இந்தத் தொல்லைகள் முதல் வாரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும். பதினோராம் நாளில் இருக்கும் நீங்கள் ஏற்றத்தைத் தாண்டிவிட்டீர்கள். இன்றைக்கு ஒன்றைப் பற்ற வைத்தால், முதல் நாள் பட்ட பாட்டை மறுபடி முதலிலிருந்து படவேண்டி வரும்.

அதற்காகத் தட்டைத் தள்ளியதற்கு நான் சப்பைக்கட்டுக் கட்டப் போவதில்லை. ரசம் வைத்தவரிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

சிகரெட் ஆசையை அடக்க உதவும் 2 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம், மருந்துக்கடையில் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும். அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றுவிட்டு, "விக்கல்தான் வந்தது, வேலைக்கு ஆகவில்லை" என்பவர்களே அதிகம். மெதுவாக மெல்லுங்கள், நாக்கில் காரம் ஏறியதும் கன்னத்தின் ஓரத்தில் அடக்கி வையுங்கள், காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படியே அரை மணி நேரம். டீ, காபி குடித்தால் கால் மணி நேரமாவது கழித்து வாயில் போடுங்கள். இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணையும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள்.

உங்களுக்கு ஆபத்தான இடம் டீக்கடை. பதினோரு மணிக்கு சக ஊழியர்களோடு கடை வாசலில் நின்று டம்ளரைக் கையில் வாங்கியதும், இன்னொரு கை தானாகச் சட்டைப் பையைத் தேடும். ஒரு மாதத்துக்கு அலுவலகத்துக்கே டீயை வரவழைத்துக் குடியுங்கள், அல்லது மோருக்கு மாறுங்கள். அந்த ஆசை ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காது.

இனி உங்கள் மனைவிக்குச் சொல்கிறேன். அம்மா, உங்கள் கணவர் வீட்டுக்குள் வந்ததும் சட்டையை முகர்ந்து பார்க்காதீர்கள். "இன்றைக்குப் பிடிக்கவில்லையே?" என்று விசாரணை வைக்காதீர்கள். இன்னும் இரண்டு வாரத்துக்குக் கடன், மாமியார் விஷயம், பள்ளிக் கட்டணம் எதையும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்காதீர்கள். காரமாகப் பொரித்த கடலையோ நெல்லிக்காயோ எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: என் கணவர் நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. மாதம் ஐயாயிரத்துக்கு மேல் மிச்சமாகும் என்று எல்லோரும் கணக்குச் சொன்னார்கள். கையில் ஒரு பைசா நிற்கவில்லையே?
- மதுரை வாசகி

பதில்: கணக்கு சரிதான். ஒரு சிகரெட் 18 ரூபாய் என்று வைத்தால் தினம் பத்துக்கு 180, மாதம் 5,400, வருடம் 65,700. ஆனால் அந்தப் பணம் சில்லறையாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போதும் சில்லறையாகவே, பஜ்ஜியாகவும் செல்போன் ரீசார்ஜாகவும் போகிறது. அதைப் பிடித்துக் கட்டிப்போட வேண்டும். சம்பளம் வந்த அன்றே ஐயாயிரத்தை அஞ்சலகத்தின் ஐந்து வருடத் தொடர் வைப்பில் போடச் சொல்லுங்கள். வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் மூன்று லட்சம். பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். கணக்கு உங்கள் பொறுப்பில் இருந்தால் நான் இன்னும் நிம்மதியாக இருப்பேன்.

ஆயுள் காப்பீட்டையும் மறக்காதீர்கள். புகைப்பவர்களுக்குப் பிரீமியம் கூடுதல். விண்ணப்பத்தில் "பழக்கம் இல்லை" என்று பொய் எழுதியிருந்தால், பிற்பாடு பணம் கேட்டுப் போகும்போது அதைக் காட்டியே மறுக்கலாம். எந்தக் கட்டத்தில் டிக் அடித்தார் என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

பிள்ளைக்கு மூச்சிரைப்பு இருந்ததா? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து நெபுலைசர் வைக்க ஓடிய செலவை யாரும் சிகரெட் கணக்கில் எழுதுவதில்லை. "மொட்டைமாடியில்தானே பிடித்தார்" என்பீர்கள். அதே சட்டையோடு இறங்கி வந்துதானே பிள்ளையைத் தூக்கினார்?

கேள்வி: வயது 61. நாற்பது வருடப் பீடி. இனிமேல் நிறுத்தி என்ன ஆகப் போகிறது? சிகரெட் அளவுக்குப் பீடி கெடுதல் இல்லை என்றும் சொல்கிறார்களே?
- தென்காசி வாசகர்

பதில்: அண்ணாச்சி, உங்கள் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம் என்பதால் இந்தப் பேச்சு அங்கே செல்லுபடியாகிறது. பீடி அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். தார் என்ற பிசுபிசுப்பான கரியும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் அதனால் கூடுதலாகத்தான் உள்ளே போகும்.

பிரிட்டனில் ரிச்சர்ட் டால் என்ற மருத்துவர், 1951இல் தொடங்கி அந்நாட்டு டாக்டர்களையே ஐம்பது வருடம் கவனித்து வந்தார். தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாக இறந்தார்கள். முப்பது வயதில் நிறுத்தியவர்களுக்கு அந்தப் பத்தும் கிட்டத்தட்டத் திரும்பக் கிடைத்தது. அறுபதில் நிறுத்தியவர்களுக்கு மூன்று வருடம்.

மூன்றுதானா என்று கேட்காதீர்கள். எங்கள் வார்டில் புகையால் நுரையீரல் கெட்டவர்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றி, தோளை உயர்த்தி, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருப்பார்கள். மூன்று சொல் பேசினால் ஒரு மூச்சு. சாப்பிட்டாலும் மூச்சு வாங்கும் என்பதால், சோற்றைக் குழையப் பிசைந்து நெல்லிக்காய் அளவு உருட்டி, ஒன்று கொடுத்துவிட்டுக் காத்திருப்பார் மனைவி. கழிப்பறை பத்தடி தூரத்தில் இருக்கும். போய்வரத் துணை வேண்டும். கெட்டுப்போன நுரையீரல் திரும்ப வராது. ஆனால் இன்று நிறுத்தினால் மேலும் கெடுகிற வேகம் குறையும். புகையால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் ஒரு வருடத்தில் ஏறக்குறைய பாதியாகும். மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் அரசு மருத்துவமனையில் ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மின்சிகரெட்டுக்கு மாறிவிட்டதாகவும் அது வெறும் ஆவிதான் என்றும் என் மகன் சொல்கிறான். நம்பலாமா?
- கோவை வாசகர்

பதில்: பெரும்பாலும் அதிலும் நிகோட்டின்தான். நம் நாட்டில் அதைத் தயாரிப்பதும் விற்பதும் 2019 முதல் சட்டப்படி குற்றம். எங்கே வாங்குகிறான் என்று முதலில் கேளுங்கள்.