நாயோட வரலாமான்னு கேட்டா என்ன சொல்றது?

வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஹோம்ஸ்டே பத்தி நாலு வரி எழுதினேன், அதுக்கு வந்த கேள்வில முக்கால்வாசி நாய் பூனை பத்திதான் இருக்கு. சீசன் வருதுல்ல. நானும் ஏற்காட்டுல காபி தோட்டத்தை ஒட்டி ஒரு பழைய வீட்டை 8 வருஷமா நாள் வாடகைக்கு விட்டுட்டிருக்கேன், அதனால பட்டதை வச்சுதான் பதில் சொல்றேன்.

கேள்வி: கொடைக்கானல்ல வில்பட்டி பக்கம் ரெண்டு பெட்ரூம் காட்டேஜ் வச்சிருக்கோம். போன் பண்றவங்க நிறைய பேர் "எங்க நாயை கூட்டிட்டு வரலாமா"ன்னு கேக்குறாங்க, நான் வேணாம்னே சொல்லிட்டிருந்தேன். போன மாசம் ஒரு ஃபேமிலி சொல்லாம கொள்ளாம நாயை கார்ல ஒளிச்சு கொண்டு வந்து, பாத்ரூம்ல பூட்டிட்டு ஊர் சுத்த போய்ட்டாங்க. அது நாள் முழுக்க கத்தி, கதவை பிராண்டி வச்சிருச்சு. மகன் "அலோ பண்ணும்மா, புக்கிங் கூடும்"ங்கிறான். மாமியார் நாய் வீட்டுக்குள்ள வந்தா ஆகாதுங்கிறாங்க. என்ன பண்ணட்டும்? - வாசகி, கொடைக்கானல்

பதில்: அக்கா, உங்க கேள்விலயே பாதி பதில் இருக்கு. வேணாம்னு சொல்லியும் நாய் வந்துருச்சுல்ல? நான் முதல் ரெண்டு வருஷம் கேட்லயே "நாய்க்கு அனுமதி இல்லை"ன்னு எழுதி மாட்டியிருந்தேன், அப்பவும் வந்துச்சு, பெட்ஷீட்ல முடியை பாத்துதான் எனக்கே தெரியும். ஒளிச்சு கொண்டு வர்ற நாயாலதான் சேதம் அதிகம். ஏன்னா மாட்டிக்குவோமேன்னு பயந்து அதை பாத்ரூம்ல பூட்டுவாங்க, வெளிய வாக்கிங் விட மாட்டாங்க, அது உள்ளயே ஒண்ணுக்கு போகும், அதையும் உங்ககிட்ட சொல்லாம ஊருக்கு கிளம்பிருவாங்க. அதனால அலோ பண்ணுங்க, ஆனா போன்லயே ஆளை சலிச்சு எடுத்துருங்க. நாயை இல்ல, ஆளை.

எப்படின்னா, என்ன ஜாதி நாய்னு கேக்குறதுக்கு முன்னாடி ராத்திரி எங்க படுக்கும்னு கேளுங்க. ஒழுங்கா வளக்குறவங்க "அதோட மெத்தையை எடுத்துட்டு வந்துருவோம்ங்க, ஆறு மணிக்கு எழுப்பிரும், உங்க வீட்டுல காம்பவுண்டு எவ்ளோ உயரம்"னு நம்மளையே திருப்பி கேள்வி கேப்பாங்க. அவங்களுக்கு கண்ணை மூடிட்டு கொடுக்கலாம். "அது ஒண்ணும் பண்ணாதுங்க"ன்னு மட்டும் சொல்றவங்ககிட்ட உஷாரா இருங்க. என் வீட்டு பிரம்பு சோபாவோட நாலு காலையும் கடிச்சது ஒண்ணும் பண்ணாத ஒரு லேப்ரடார்தான்.

அடுத்தது தடுப்பூசி புக். வாட்ஸாப்புல போட்டோ அனுப்ப சொல்லுங்க. வெறிநாய்க்கடி ஊசி பொதுவா வருஷம் ஒரு தடவை போடணும், டாக்டர் ஒட்டின ஸ்டிக்கர் பக்கத்துல தேதி இருக்கும், அதை பாருங்க. மூணு மாசம்கூட ஆகாத குட்டின்னா அந்த ஊசியே போட்டிருக்க மாட்டாங்க, ஊசியெல்லாம் முடிச்சுட்டு வாங்கன்னு நான் நேரா சொல்லிருவேன். சில பேருக்கு கோவம் வரும். வரட்டும். வெறிநோய் அறிகுறி வந்துட்டா நாயும் பிழைக்காது, மனுஷனும் பிழைக்கிறது இல்லைன்னே வச்சுக்கலாம், இதுல போய் முகத்தாட்சண்யம் பாத்துட்டு இருக்க முடியுமா. எந்த நாய் கடிச்சாலும், பிராண்டினாலும், குழாய் தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இதை எழுதி அந்த வீட்டு சுவத்துலயே ஒட்டி வைங்க, பக்கத்துல இருக்குற ஆஸ்பத்திரி நம்பரோட.

நான் விட்டுக்கொடுக்காத ரூல் ஒண்ணே ஒண்ணு, நாயை வீட்டுல தனியா விட்டுட்டு போகக் கூடாது. புது இடம், புது வாசனை, ஓனர் கதவை சாத்திட்டு போய்ட்டார், அது என்ன நினைக்கும்? விட்டுட்டு போய்ட்டாங்கன்னுதான் நினைக்கும். உங்க பாத்ரூம் கதவு பிராண்டல் அதனால வந்தது, நாய் மேல தப்பு சொல்ல முடியாது.

அப்புறம் நம்ம ஆளுங்க நிறைய பேர் பெருந்தன்மையா ஒண்ணு சொல்வாங்க, "நாய் வரலாம், ஆனா ராத்திரி வெளிய கட்டிப் போடுங்க"ன்னு. கொடைக்கானல்ல அதை மட்டும் சொல்லிராதீங்க. 7,000 அடி உயரம், மார்கழி தை மாசத்து குளிர் மெட்ராஸ்ல ஏசி ரூம்ல வளந்த பக் நாய்க்கு தாங்காது. அதைவிட பெரிய விஷயம் சிறுத்தை. காட்டை ஒட்டின ஊர்ல சிறுத்தைக்கு நாய் ரொம்ப சுலபமான இரை, கட்டிப் போட்டா தட்டுல வச்சு கொடுத்த மாதிரி. காட்டுமாடும் அப்படித்தான், கொடைக்கானல் ரோட்டுலயே நடக்குது, உங்களுக்கு பழகிருச்சு, டவுன் நாய்க்கு அது என்னன்னே தெரியாது. குலைச்சுகிட்டே கிட்ட போகும், அது திரும்பி ஒரு அடி வச்சதும் பயந்து ஓனர்கிட்டயே ஓடி வரும், பின்னாடியே காட்டுமாடும் வரும். அடி வாங்குறது கயிறு பிடிச்சுட்டு நின்ன மனுஷன். அதனால விடியக்காலையும் இருட்டினதும் கயிறு இல்லாம கேட்டுக்கு வெளிய விடவே கூடாதுன்னு வந்ததுமே சொல்லிருங்க.

இன்னொண்ணு உங்க ஊருக்குன்னே இருக்கு, ஹோம்மேட் சாக்லேட். வர்றவங்க எல்லாரும் கிலோ கணக்குல வாங்கி கட்டில் பக்கத்து டீப்பாய்ல கவரோட வச்சுட்டு குளிக்க போய்ருவாங்க. சாக்லேட் நாய்க்கு விஷம், அதுலயும் டார்க் சாக்லேட் ரொம்ப மோசம், திராட்சை போட்டதுன்னா அந்த உலர்திராட்சை தனி விஷம், கிட்னியை பாதிக்கும். வெல்கம் ட்ரிங்க் கொடுக்கும்போதே "சாக்லேட்டை பீரோல வச்சிருங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கால்நடை டாக்டர் நம்பரும் கைல இருக்கட்டும், ஞாயித்துக்கிழமை எடுக்குறவரா பாத்து வைங்க.

மாமியாருக்கு என்ன சொல்றதுன்னு கேட்டீங்க. அந்த காட்டேஜ்ல சாமி படம் இருந்தா எடுத்து உங்க வீட்டுல வச்சுக்கோங்க, பிரச்சனை பாதி குறையும். மீதிக்கு பைரவருக்கு வாகனம் எதுன்னு அவங்களையே கேளுங்க. எங்க அம்மாகிட்ட இது வேலை செஞ்சுது, இப்ப தேய்பிறை அஷ்டமி அன்னைக்கு வர்ற நாய்க்கு அவங்களே பிஸ்கட் கொடுத்து அனுப்புறாங்க.

கேள்வி: நாய்க்கு தனியா காசு வாங்கலாமா, எவ்ளோ? அப்புறம் ஒண்ணுக்கு போன வாசனை எத்தனை தடவை பினாயில் ஊத்தியும் போக மாட்டேங்குது. - வாசகர், ஊட்டி

பதில்: தாராளமா வாங்கலாம், ஆனா முன்னாடியே சொல்லி வாங்கணும், செக்-அவுட் அன்னைக்கு சொன்னா சண்டைதான். நான் ஒரு நாய்க்கு, எத்தனை நாள் தங்கினாலும் 500 ரூபா க்ளீனிங், கூட 2,000 டெபாசிட், போகும்போது ரூமை ஒரு சுத்து பாத்துட்டு அங்கேயே ஜிபே பண்ணிருவேன். ஏர்பிஎன்பிங்கிற புக்கிங் சைட்ல போட்டிருந்தா பெட் ஃபீஸ்னு (வளர்ப்பு பிராணிக்கான ஃபீஸ்) தனி கட்டமே இருக்கு, அதுல போடுங்க. சேதம் ஆனா கெஸ்ட் கிளம்பி 14 நாளுக்குள்ள போட்டோவோட க்ளெய்ம் பண்ணணும், அதனால ஆள் வர்றதுக்கு முன்னாடியும் ரூமை போட்டோ எடுத்து வைங்க. பார்வை இல்லாதவங்களுக்கு வழிகாட்ட பழக்கின நாய் மாதிரி வந்தா ஏர்பிஎன்பி ரூல்படி அது வளர்ப்பு பிராணி கணக்குல வராது, ஃபீஸும் வாங்கக் கூடாது.

வாசனைக்கு வருவோம். பினாயில் வாசனையை மூடும், எடுக்காது. நமக்கு போய்ட்ட மாதிரி இருக்கும், அடுத்து வர்ற நாய் மோந்து பாத்துட்டு நேரா அதே மூலைல காலை தூக்கும். ஈரமா இருந்தா பழைய நியூஸ்பேப்பரை வச்சு மேல ஏறி மிதிச்சு ஒத்தி எடுங்க, தேய்ச்சீங்கன்னா இன்னும் உள்ள இறங்கும். அப்புறம் என்சைம் க்ளீனர்னு ஆன்லைன்ல கிடைக்குது, அதை நல்லா ஊற விட்டு கால் மணி நேரம் கழிச்சு ஒத்துங்க. அவசரத்துக்கு வினிகரும் தண்ணியும் சரிபாதி ஊத்தி, காஞ்சதும் சமையல் சோடா தூவி பெருக்கலாம். கொதிக்கிற தண்ணி வேணாம், அமோனியா இருக்குற க்ளீனரும் வேணாம், அதோட வாசனையே மூத்திர வாசனை மாதிரிதான் நாய்க்கு படும். எந்த இடம்னே தெரியலைன்னா நோட்டு செக் பண்ற அந்த ஊதா லைட் டார்ச்சை லைட்டை ஆஃப் பண்ணிட்டு அடிச்சு பாருங்க, கறை மங்கலா பளபளக்கும். நான் முதல் தடவை அடிச்சு பாத்துட்டு அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை.

பூனை வர்ற வீடுன்னா கறுப்பு பினாயிலை தொடவே தொடாதீங்க. பூனை காலை நக்கும், பினாயிலை அதோட ஈரலால சமாளிக்க முடியாது.

கேள்வி: ஒரு கெஸ்ட் நாயோட தங்கிட்டு போய் ரெண்டு வாரம் கழிச்சு சுவத்துல உண்ணி ஏறுது. அடுத்த புக்கிங்கை கேன்சல் பண்ணிட்டேன். இதுக்கு முடிவே இல்லையா? - வாசகி, ஏலகிரி

பதில்: இருக்கு, ஆனா பொறுமை வேணும். நாய் உண்ணிக்கு வீட்டுக்குள்ளயே குடும்பம் நடத்த தெரியும், ஒரு பொம்பளை உண்ணி ஆயிரக்கணக்குல முட்டை போடும், அதுவும் சுவர் விரிசல்ல, கதவு நிலை இடுக்குல, மின்சார போர்டு பின்னாடி. ஒரு தடவை மருந்து அடிச்சா நடக்குறது சாகும், முட்டை அப்படியே கிடந்து பொரிக்கும், அதனால ரெண்டு மூணு வாரம் கழிச்சு மறுபடி அடிக்கணும், பூச்சிக்காரங்ககிட்ட முதல்லயே ரெண்டு தடவைக்கு பேசிக்கோங்க. விரிசலை சிமெண்ட் வச்சு அடைங்க. கைல நசுக்காதீங்க, பிளக்கர்ல எடுத்து ஸ்பிரிட்ல போடுங்க. பூனை தங்குற வீடுன்னா பெர்மெத்ரின் இருக்குற மருந்து வேணவே வேணாம், பூனைக்கு உயிர் போய்ரும். இனிமே புக்கிங் எடுக்கும்போதே இந்த மாசம் உண்ணிக்கு மாத்திரையோ மருந்தோ கொடுத்தாங்களான்னு கேட்டுருங்க.

கேள்வி: ராஜபாளையம் நாயோட வர்றோம்னு கேக்குறாங்க. பயமா இருக்கு. - வாசகர், கோத்தகிரி

பதில்: ராஜபாளையம் வேட்டைக்கும் காவலுக்கும் வளத்த இனம், ஓனர் ஒருத்தர்கிட்ட பாசமா இருக்கும், ரூம் சர்வீஸ் பையன்கிட்ட இருக்கணும்னு அவசியம் இல்லை. வீடு முழுசா அவங்களுக்கு மட்டும்னா சரி. அதே காம்பவுண்டுல இன்னொரு ஃபேமிலியும் குழந்தைகளோட தங்குறாங்கன்னா நான் கொடுக்க மாட்டேன். டீ காபி கொடுக்க போறவங்க கதவை தட்டாம போன் பண்ணிட்டு போகட்டும். சிப்பிப்பாறைக்கு வேற கதை, அது மனுஷனை கண்டுக்காது, ஆனா முயல் ஓடினா உங்க நாலடி வேலியை ஒரே தாவுல தாண்டிரும்.

கேள்வி: ஒரு கெஸ்ட் கூண்டோட பச்சைக்கிளியை கொண்டு வரலாமான்னு கேக்குறார். நாய் அலோ பண்றோம், கிளிக்கு என்ன ஃபீஸ் போடலாம்? - வாசகர், வால்பாறை

பதில்: ஃபீஸை விடுங்க சார், நம்ம ஊரு பச்சைக்கிளியை வீட்டுல வளக்குறதே 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி குத்தம். மைனாவும் அப்படித்தான், நட்சத்திர ஆமையும் அப்படித்தான். லவ் பேர்ட்ஸ்னா கொண்டு வரட்டும். கிளியை வனத்துறைகிட்ட ஒப்படைக்க சொல்லுங்க, காட்டுல திறந்து விடுறேன்னு உங்க தோட்டத்துல விட்டுட்டு போகாம பாத்துக்கோங்க, கூண்டுலயே வளந்தது அங்க ஒரு நாள் தாங்காது.