மூக்கில் எண்ணெய் விட்டால் மணம் வருமா?

மாங்குளம் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நான்கு மாதத்துக்கு முன் ஏ9 வீதியில் மாடு குறுக்கே வந்து கணவர் மோட்டார் சைக்கிளால் விழுந்து பின்மண்டையில் அடி. காயம் ஆறிவிட்டது, ஸ்கானிலும் பிரச்சினை இல்லையாம், ஆனால் மணமும் இல்லை ருசியும் இல்லை, கருவாட்டுக் குழம்புகூடச் சப்பென்று இருக்கிறதாம். ஒருவர் மூக்கில் எண்ணெய் விட்டு நரம்பைத் திறப்பதாகச் சொல்லி நாற்பதாயிரம் கேட்கிறார், கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள்.

மூக்கின் கூரையில் அரிதட்டு மாதிரி ஓட்டை ஓட்டையான ஒரு எலும்பு. அதனூடாக மண நரம்பு இழைகள் மூளைக்கு ஏறுகின்றன. பின்மண்டையில் அடிபட்டால் மூளை குலுங்கி அந்த இழைகள் அறுந்துபோகலாம், அவ்வளவு மெல்லியது ஸ்கானில் தெரியாது. நாக்கு பெரும்பாலும் சுகமாகத்தான் இருக்கும். சீனி, உப்பு, புளி, பாகற்காய் நான்கும் பிடிபட்டால் ருசி போகவில்லை, மணம்தான் போயிருக்கிறது.

இந்த எண்ணெய்க்காரர்கள் ஒரு வித்தை காட்டுவார்கள். தலைவலி பாமையோ கற்பூரத்தையோ மூக்கடியில் பிடித்து "தெரியுதா?" என்பார்கள். தெரியும்தான், ஆனால் அந்த எரிவும் குளிரும் வேறு நரம்பு வேலை. கண்ணை மூடச் சொல்லிக் கோப்பித்தூளைக் கொடுங்கள், வண்டவாளம் தெரிந்துவிடும்.

இன்னொன்று, இதை இரண்டு தரம் வாசியுங்கள். குனியும்போது ஒரு பக்க மூக்கால் தண்ணீர் மாதிரித் தெளிவாக வடிகிறதா, தொண்டையில் உப்புக் கரிக்கிறதா? தடிமன் என்று விட்டுவிடாதீர்கள். மூளையைச் சுற்றியிருக்கும் நீர் கசியலாம், அந்த வழியால் கிருமி ஏறினால் மூளைக்காய்ச்சல். அடிபட்டுப் பல மாதம் கழித்தும் வரலாம். அப்படியானால் மூக்கைப் பலமாகச் சீறக்கூடாது, எண்ணெய் ஒரு துளியும் விடக்கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இனி வீட்டு வேலை. ரோசா, எலுமிச்சை, கராம்பு, யூக்கலிப்டஸ் என்று நான்கு மணங்களை வைத்துப் பயிற்சி கொடுக்கும் முறையை 2009 இல் ஜெர்மனியில் ஹம்மல் என்ற மருத்துவர் குழு வெளியிட்டது. யூக்கலிப்டஸ் எரிவாலும் தெரியும் என்பதால் நான் கோப்பித்தூளைச் சொல்வேன். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் பதினைந்து விநாடி, அந்த மணத்தை நினைத்துக்கொண்டு மெல்ல முகரவேண்டும். குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் அதற்கு மேலும். பொய் நம்பிக்கை தர மாட்டேன், தலையடியால் போன மணம் மூவரில் ஒருவர் அளவுக்குத்தான் ஓரளவாவது திரும்பும், அதுவும் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள். நடுவில் எல்லாமே கருகிய நாற்றமாகத் தெரிந்தால் பயப்படவேண்டாம், நரம்பு அசையத் தொடங்கியதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கும் துண்டு வாங்கிக்கொண்டு போங்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். வார்டில் கண், கை, கால் எல்லாம் பார்ப்போம், மூக்கடியில் ஒரு சவர்க்காரத்தைப் பிடித்துப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. விடிய பஸ் ஏறி வந்த சனத்தைத் திகதி மாறிவிட்டது என்று திருப்பி அனுப்பினால் அது எண்ணெய்க்காரரிடம் போகாமல் வேறெங்கே போகும்?

அதுவரை குசினியில் காஸ் சிலிண்டரை நீங்களே மூடுங்கள், மிஞ்சிய கறியை நீங்களே முகர்ந்துபார்த்துக் கொடுங்கள். அவருக்குப் பிரஷர் இருந்தால் உப்புப் போத்தலை மேசையில் வைக்கவேண்டாம்.