அடைப்புப் பொருள்கள் எல்லாம் ஃபிரிட்ஜுக்குள் போகலாமா?

கேள்வி: பல் கிளினிக் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். கோடையில் இரவு பூட்டிவிட்டுப் போனால் அறை வெந்துவிடுகிறது. அதனால் பல் குழியை அடைக்கும் பொருள்கள் அனைத்தையும் ஃபிரிட்ஜில் வைக்கிறேன். பொடியோடு கலந்து அடைக்கும் கிளாஸ் அயனோமர் திரவம் மட்டும் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. நான் செய்வது சரிதானா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: காம்போசிட் எனும் பிசின் அடைப்புப் பசைக்கும், அதைப் பல்லோடு ஒட்டவைக்கும் பாண்டிங் திரவத்துக்கும் நீங்கள் செய்வது சரி. பல காம்போசிட் உறைகளில் 2 முதல் 25 டிகிரி செல்சியஸ் என்று அச்சிட்டிருக்கும். அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் நெடுநாள் கிடந்தால், ஒளிபட்டு இறுக வேண்டிய பிசின் சிரிஞ்சுக்குள்ளேயே மெல்ல இறுகத் தொடங்கி, குழியின் சுவரோடு ஒட்டாத வறண்ட பசையாகிவிடும். ஆனால் சில்லென்று இருக்கும்போதே பயன்படுத்தினாலும் கெடுதல்தான்: பசை விறைத்து மூலைகளில் இடைவெளி விடும், ஒளி பாய்ச்சியும் முழுமையாக இறுகாது. ஆகவே குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, உறையின்மேல் வியர்த்த ஈரம் காய்ந்தபிறகு மூடியைத் திறங்கள். பிதுக்கி வைத்த காம்போசிட்டை ஆரஞ்சு நிற மூடியால் மறைத்துவிடுங்கள். இறுகுவதைத் தொடங்கிவைக்க அதில் சேர்த்துள்ள கேம்ஃபர்குயினோன் என்ற வேதிப்பொருள் ஏறத்தாழ 470 நானோமீட்டர் நீல ஒளிக்கு இயங்குவது, நாற்காலிக்கு மேலுள்ள விளக்கிலும் அந்த ஒளி உண்டு.

பாண்டிங் பாட்டிலில் ஆபத்து வேறு. அசிட்டோனோ எத்தனாலோ கலந்த அந்தத் திரவம், மூடி திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆவியாகிக் கெட்டியாகும். பூசப்போகும் நேரத்தில் மட்டும் சொட்டுவிடுங்கள்.

கிளாஸ் அயனோமர் திரவம் பாலிஅக்ரிலிக் அமிலக் கரைசல். குளிரிலும், நீர் ஆவியானாலும் அது தடித்துவிடும். தடித்த சொட்டின் அளவு மாறுவதால் பொடிக்கும் திரவத்துக்கும் உள்ள விகிதம் தவறி, அடைப்பு வலுவிழக்கும். அறை வெப்பத்துக்கு வந்தபின்னும் திரவம் ஓடவில்லை என்றால் அந்தப் பாட்டிலைக் கழித்துவிடுங்கள். இனி அதை வெயில் படாத அலமாரியில், உறையில் சொன்ன வெப்பத்துக்குள் வையுங்கள். பொடி ஈரத்தை இழுக்கும் என்பதால் அதன் மூடி எப்போதும் இறுக்கமாக இருக்கட்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃப்ளோரைடால் பழுப்பேறிய பற்களோடு வருவோர் பலர். பாதிப்பு கடுமையாக உள்ள எனாமலில் (பல்லின் கடினமான மேலடுக்கில்) பாண்டிங் பிடிப்பதே சிரமம் என்பதால், பொருளும் பழுதாக இருந்தால் அடைப்பு விரைவில் பெயர்ந்துவிடும் என்ற கவலை எனக்கு உண்டு.

உறையிலுள்ள காலாவதித் தேதி, சொன்ன வெப்பத்தில் வைத்திருந்தால் மட்டுமே பொருந்தும். பகல் முழுவதும் வெயிலில் நின்ற வண்டியில் வந்த பார்சலானால், பிரிக்குமுன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.