தென்னை ஓலை கறுத்தால் பூசணக்கொல்லி எதற்கு?

கேள்வி: தோப்பில் தென்னை ஓலையெல்லாம் கரி அப்பியதுபோலக் கறுத்துவிட்டது. ஊடுபயிரான வாழையின் இலையும் அப்படியே. கடையில் கொடுத்த பூசணக்கொல்லியை அடித்தும் பயனில்லை. மரத்தின் சத்தை இந்தப் பூசணம் உறிஞ்சிவிடுமா?
- ஒரு விவசாயி, கொழிஞ்சாம்பாறை

பதில்: ஐயா, அந்தக் கரும்பூசணம் மரத்திலிருந்து ஒரு சொட்டுச் சாறுகூட எடுப்பதில்லை. ஓலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். வெள்ளை மெழுகு சுருள் சுருளாகப் படிந்திருந்தால், எடுப்பது சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சி, பாலக்காடு தோப்புகளில் தலைகாட்டிய பூச்சி இது.

வெயில், தண்ணீர், கரியமில வாயு மூன்றையும் கொண்டு ஓலை சர்க்கரை தயாரிக்கிறது. குரும்பைக்கும் வேருக்கும் போகவேண்டிய அந்தச் சாற்றில்தான் ஈ தன் ஊசிவாயைச் செருகுகிறது. சாற்றில் சர்க்கரை ஏராளம். ஈ வளரத் தேவையான புரதச் சத்தோ சொற்பம். ஆகவே அளவுக்கு மீறிக் குடித்து, மிஞ்சிய சர்க்கரையைப் பிசுபிசுப்பான துளிகளாகச் சொரிகிறது. பச்சையம் இல்லாத பூசணம் தானாக உணவு தயாரிக்க முடியாது. அந்தத் துளிகளைத் தின்றே பிழைக்கிறது. வாழை இலை கறுத்ததும் மேலிருந்து சொட்டியதால்தான். ஆனாலும் கருப்புப் படலம் வெயிலை மறைப்பதால் ஓலையின் சர்க்கரைத் தயாரிப்பு குறைகிறது, காய்ப்பும் பாதிக்கப்படலாம். மரம் பட்டுப்போய்விடும் என்று அஞ்ச வேண்டாம்.

எட்டும் உயரத்து மரங்களில் ஓலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். கறுத்த பரப்பில், லிட்டருக்கு 25 கிராம் மைதா வீதம் காய்ச்சி ஆறவைத்த கரைசலைத் தெளியுங்கள். காய்ந்து உதிரும்போது பூசணத்தையும் உரித்துக்கொண்டு விழும். ஈக்கள் வந்து ஒட்டிக்கொள்ள, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள்களை ஏக்கருக்கு 8 வீதம் ஆள் உயரத்தில் கட்டுங்கள்.

இரசாயனப் பூச்சிக்கொல்லியை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். என்கார்சியா என்ற மிகச் சிறிய குளவி ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடுகிறது. அதன் புழு குஞ்சை உள்ளிருந்தே தின்று வளர்கிறது. மருந்தடித்தால் முதலில் அழிவது இந்தக் குளவிதான். ஈ மறுபடி பெருகிவிடும். அடிப்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். கறுத்துப்போன குஞ்சுகளும் அவற்றில் வட்டத் துளைகளும் தெரிந்தால் குளவி வந்துவிட்டது என்று பொருள். அந்தக் கறுத்த குஞ்சுகள் உள்ள ஓலையில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடாதீர்கள். அத்தகைய ஓலைத் துண்டுகளை வெட்டி, குளவி இல்லாத மரங்களின் கீற்றுகளில் செருகுங்கள். உங்கள் தோப்பில் கிடைக்காவிட்டால் ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.